நாலரை வருஷம் இருந்த மேயருக்கு இவ்வளவு பெரிய நூலகமா? (ஹரோல்ட் வாஷிங்டன், சிகாகோ)

வெறும்வாசகன்:
மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பகலில் அவளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்குப் புகலிடம் ஸ்டேட் தெருவில் இருக்கும் பெரிய நூலகம்தான். செங்கல் கட்டடம், கூரை மூலைகளில் பூதாகரமான ஆந்தைகள், ஒன்பதாவது மாடியில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிக்கலாம். ஹரோல்ட் வாஷிங்டன் நூலகம் என்று பெயர். முதலில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஏதோ உறவு என்று நினைத்தேன், சிரிக்காதீர்கள். அப்புறம்தான் தெரிந்தது, சிகாகோவின் முதல் கறுப்பின மேயராம். 1983 ஏப்ரலில் பதவியேற்று 1987 நவம்பரில் இறந்துவிட்டார்.

இதே ஊரை அப்பா டேலி 21 வருஷம் ஆண்டிருக்கிறார், மகன் டேலி 22 வருஷம். ஆனால் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் வயதான கறுப்பினத்தவர்கள் வெறுமனே 'ஹரோல்ட்' என்கிறார்கள், சொந்த அண்ணனைச் சொல்வது போல. நாலரை வருஷத்தில் அப்படி என்ன செய்துவிட்டார்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை:
செய்தது குறைவு, அடையாளம் அதிகம் என்பது என் கருத்து. முதல் மூன்று வருஷம் நகரமன்றம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. கட்டு அவிழ்ந்து ஒன்றரை வருஷத்தில் ஆளே போய்விட்டார். சொத்து வரியை ஏற்றினார். பள்ளிக்கூடங்கள் படுமோசம். 1987இல் ஆசிரியர் வேலைநிறுத்தம் 19 பள்ளி நாட்கள் நீடித்தது. நல்ல பேச்சாளர், அதை மறுக்கவில்லை.

ஏரிக்கரையான்:
கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அவரை அவருடைய திட்டங்களை மட்டும் வைத்து எடை போட்டால் பிடிபட மாட்டார். நான் இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் எனக்கும் இதே கேள்வி இருந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிகாகோ 'மெஷின்' என்றால் என்ன என்று புரிய வேண்டும். அப்பா டேலி (ரிச்சர்ட் ஜே. டேலி) 1955இல் மேயரானார். அதற்கு முன்பே, 1953 முதல், மாவட்ட ஜனநாயகக் கட்சியின் தலைவர். இரண்டு நாற்காலியிலும் சாகும்வரை அவரே. ஊரில் 50 வார்டு. ஒவ்வொரு வார்டிலும் ஒரு கட்சித் தலைவர், அவருக்குக் கீழே ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு பொறுப்பாளர், இங்கே பிரிசிங்க்ட் கேப்டன் என்பார்கள். இந்தக் கேப்டனுக்கு நகராட்சியிலோ மாவட்ட அலுவலகத்திலோ ஒரு வேலை இருக்கும். தன் பூத்தில் ஓட்டு விழுந்தால் வேலை நிற்கும், குறைந்தால் போகும். இப்படிக் கட்சியின் கையில் பல்லாயிரம் வேலைகள். குப்பைத் தொட்டி வேண்டுமா, தெருவிளக்கு எரியவில்லையா, கேப்டனிடம் சொல்ல வேண்டும். அவர் தேர்தலன்று வந்து கதவைத் தட்டுவார்.

ஹரோல்டின் அப்பா ராய் வாஷிங்டன் அப்படி ஒரு கேப்டன். வழக்கறிஞர், மெதடிஸ்ட் போதகரும்கூட. வீட்டிலேயே மெஷின். ஹரோல்ட் 1922இல் பிறந்து தெற்குப் பகுதியில் வளர்ந்தார், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். யுத்தத்தில் பசிபிக் தீவுகளில் விமான ஓடுபாதை போடும் படைப்பிரிவில் இருந்தார். திரும்பி வந்து, அப்போதுதான் தொடங்கியிருந்த ரூஸ்வெல்ட் கல்லூரியில் சேர்ந்தார். நிறம் பார்க்காமல் மாணவர்களைச் சேர்த்த கல்லூரி அது. அங்கே மாணவர் தலைவர். 1952இல் நார்த்வெஸ்டர்னில் சட்டம் முடித்தார், அந்த வகுப்பில் ஒரே கறுப்பின மாணவர்.

அப்பா இறந்ததும் மூன்றாவது வார்டில் ரால்ஃப் மெட்காஃபுக்கு உதவியாளராகப் போனார். இந்த மெட்காஃப் யார் தெரியுமா? 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸோடு தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். ஓட்டக்காரர் மெஷின் ஆள் ஆகிவிட்டார். ஹரோல்ட் அவருக்காக இளைஞர் அணியைக் கட்டினார். அதாவது, மெஷினை எதிர்த்து ஜெயித்த ஆள் வெளியிலிருந்து வந்த புரட்சிக்காரர் இல்லை. அந்த ஆலையிலேயே எண்ணெய் போட்டவர். எந்தப் பல்சக்கரம் எங்கே மாட்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

அல்லி:
அவர் சிறைக்குப் போன கதையை ஏன் விட்டுவிட்டீர்கள் அண்ணே? நல்ல பக்கத்தை மட்டும் சொன்னால் எப்படி?

ஏரிக்கரையான்:
விடவில்லை தங்கச்சி, அடுத்து வர இருந்தது. மாநிலச் சட்டமன்றத்தில் இருக்கும்போதே 1972இல் நாலு வருஷத்துக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று வழக்கு. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிறையில் இருந்தார். இதில் வேடிக்கை, அவர் பாக்கி வைத்திருந்த தொகை ஐநூறு டாலர் சொச்சம்தான். சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டே இருந்தார்கள், படிவத்தை மட்டும் போடவில்லை. அதற்கு முன் வக்கீல் உரிமத்தையும் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள், தன்னிடம் வழக்கை ஒப்படைத்தவர்களிடம் பணம் வாங்கிவிட்டு வேலை செய்யாததால். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சொந்த விவகாரங்களில் ஒழுங்கில்லாத ஆள். வீடு நிறையப் புத்தகமும் காகிதமும், தனிக்கட்டை, நேரம் காலம் இல்லாமல் சாப்பாடு.

கணக்குப்பிள்ளை:
ஐநூறு டாலர் என்பதால் குற்றம் சின்னதாகிவிடாது. சட்டம் போடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாலு வருஷம் படிவம் போடவில்லை. வேறு ஒருவர் செய்திருந்தால் இந்த இழையில் கிழித்திருப்போம்.

தெருக்கோடி:
உண்மை. ஆனால் அதே ஆள் மாநிலச் சட்டமன்றத்தில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கும் சட்டத்துக்குப் பாடுபட்டவர். 1973இல் அது நிறைவேறியது. மத்திய அரசு செய்ததற்குப் பத்து வருஷம் முன்பே.

எனக்கு ஒரு சந்தேகம். ஊரில் கறுப்பினத்தவர் சுமார் 40 சதவீதம்தானே? எப்படி ஜெயித்தார்?

ஏரிக்கரையான்:
1977இலேயே ஒரு தடவை நின்றார். அப்பா டேலி 1976 டிசம்பரில் இறந்த பிறகு வந்த இடைத்தேர்தல். கட்சியின் முன்தேர்தலில், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தலில், 11 சதவீதம்தான் கிடைத்தது. ஆகவே 1982இல் மறுபடி ஆட்கள் வந்து நில்லுங்கள் என்றபோது அவர் அசையவில்லை. அப்போது அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினர், வசதியான இடம். '50,000 புது வாக்காளர்களைப் பதிவு செய்யுங்கள், பிறகு பேசலாம்' என்கிற மாதிரி நிபந்தனை போட்டார். நடக்காது என்று நினைத்தே போட்டார் என்பார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் பதிவாகிவிட்டது. தேவாலயங்களில், நலத்திட்ட அலுவலக வாசல்களில் எல்லாம் மேசை போட்டுப் பதிந்தார்கள்.

அதற்கு எரிபொருள் ஊற்றியவர் அப்போதைய மேயர் ஜேன் பைர்ன். அவர் 1979இல் மேயரானதே ஒரு பனிப்புயலால்தான். அந்த ஜனவரியில் தெருவில் பனி அள்ளவில்லை என்ற கோபத்தில் மக்கள் பழைய மேயரைத் தூக்கிப்போட்டார்கள். கறுப்பினத்தவர் பைர்னுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 1982இல் அவர், குடியிருப்போரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராக இருந்த அரசு வீட்டுவசதி வாரியத்தில் கறுப்பின உறுப்பினர்களை எடுத்துவிட்டு வெள்ளையர்களைப் போட்டார். அவ்வளவுதான். அந்தக் கோடையில் நகராட்சி நடத்திய சிகாகோஃபெஸ்ட் விழாவைப் புறக்கணித்தார்கள். பாட வேண்டிய ஸ்டீவி வொண்டர் வரவில்லை.

1983 பிப்ரவரி 22, முன்தேர்தல். பைர்ன், மகன் டேலி, ஹரோல்ட் மூவரும். வெள்ளை ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. ஹரோல்ட் 36, பைர்ன் 33 சொச்சம், டேலி 30க்குச் சற்றுக் கீழே. வழக்கமாகக் கதை அங்கே முடிந்திருக்கும். சிகாகோவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றாலே மேயர்தான், குடியரசுக் கட்சிக்காரர் 1931க்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. பெர்னார்ட் எப்டன் என்ற யூத வழக்கறிஞரைச் சும்மா பெயருக்கு நிறுத்தியிருந்தார்கள். மிதவாதி, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து வாழும் ஹைட் பார்க் பகுதிக்காரர். ஒரே இரவில் அவர் பின்னால் ஜனநாயகக் கட்சி வார்டுத் தலைவர்கள் வரிசை கட்டினார்கள்!

அல்லி:
எப்டனின் விளம்பரத்தில் கடைசி வரி 'காலம் கடப்பதற்கு முன்னால்' என்று வரும். எதற்கு முன்னால் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு, மார்ச் 27. முன்னாள் துணை ஜனாதிபதி மொண்டேலும் ஹரோல்டும் வடமேற்குப் பகுதியில் செயின்ட் பாஸ்கல் தேவாலயத்துக்குப் போனார்கள். வாசலில் கூட்டம் கூடி வசை பாடியது. கதவிலேயே கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்தும் கிறுக்கல். இருவரும் பூசை முடியுமுன் கிளம்ப வேண்டியதாயிற்று. தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் பார்த்தது. ஏரிக்கரையோரம் வாழ்ந்த தாராளவாத வெள்ளையர்கள் சிலர் வெட்கப்பட்டே ஹரோல்டுக்குப் போட்டார்கள் என்று சொல்வதுண்டு. நான் அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷம் குடியிருந்தேன். அமைதியான தெரு, அணில்கள் ஓடும். நம்பவே முடியாது.

ஏரிக்கரையான்:
ஏப்ரல் 12 முடிவு: ஹரோல்ட் 6,68,176. எப்டன் 6,19,926. வித்தியாசம் 48,250. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்ட தேர்தல். வெள்ளையர் ஓட்டில் எட்டில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் அதிகம். லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களும் சேர்ந்துதான் கரை சேர்த்தார்கள்.

தெருக்கோடி:
அப்புறம் 'கவுன்சில் வார்ஸ்'. அதைச் சொல்லுங்கள், அதுதான் எனக்கு வேண்டியது.

ஏரிக்கரையான்:
சொல்கிறேன். நகரமன்றத்தில் 50 பேர். எட் விர்டோலியக் என்ற பத்தாவது வார்டுக்காரர் தலைமையில் 29 பேர் எதிரணி. 28 வெள்ளையர், ஒரு லத்தீனர். மேயர் பக்கம் 21: 16 கறுப்பினத்தவர், 5 வெள்ளையர். மே 2ஆம் தேதி முதல் கூட்டம். ஹரோல்ட் கூட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டுத் தன் ஆட்களோடு வெளியே போய்விட்டார். 29 பேரும் அசையவில்லை. விர்டோலியக் எழுந்து நடத்தினார். எல்லாக் குழுத் தலைவர் பதவிகளையும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள், போதாததற்குக் குழுக்களின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். நிதிக் குழு எட் பர்க்குக்கு. மேயர் நீதிமன்றம் போனார், செல்லவில்லை. என் கணக்கில் அது ஹரோல்டின் பெரிய தப்பு. வெளியே போயிருக்கக் கூடாது.

இதில் கணக்கைப் பாருங்கள். எதையும் நிறைவேற்ற 26 போதும், அவர்களிடம் 29 இருந்தது. ஆனால் மேயரின் வீட்டோவை முறியடிக்க 34 வேண்டும், அது இல்லை. அவர்கள் போட்டதை இவர் வெட்டுவார், இவர் கொண்டுவந்ததை அவர்கள் புதைப்பார்கள். மேயர் நியமித்த பலர் ஒப்புதல் கிடைக்காமல் மாதக்கணக்கில் அந்தரத்தில் தொங்கினார்கள். ஆரன் ஃப்ரீமன் என்ற நகைச்சுவைக் கலைஞர் இதை விண்வெளிச் சண்டைப் படம் மாதிரி நடித்துக் காட்டினார், அதிலிருந்து வந்ததுதான் 'கவுன்சில் வார்ஸ்' என்ற பெயர். நியூயார்க் பத்திரிகை ஒன்று சிகாகோவை ஏரிக்கரையிலுள்ள பெய்ரூட் என்று எழுதியது.

கணக்குப்பிள்ளை:
இதைத்தானே நானும் சொன்னேன்? மூன்று வருஷம் வீண். திறமையான அரசியல்வாதி என்றால் அந்த 29இல் ஐந்து பேரை உடைத்திருக்க வேண்டாமா? அப்பா டேலி உடைத்திருப்பார்.

ஏரிக்கரையான்:
உடைத்திருப்பார். எதைக் கொடுத்து? வேலையைக் கொடுத்து. விஷயமே அங்கேதான் இருக்கிறது சார்.

மைக்கேல் ஷாக்மன் என்ற வழக்கறிஞர் 1969இல் ஒரு வழக்குப் போட்டார். கட்சி வேலை செய்யாததற்காக யாரையும் நகராட்சி வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1972இல் ஒப்புக்கொண்டார்கள். கட்சிக்காரர் என்பதற்காக வேலைக்கு எடுக்கவும் கூடாது என்ற அடுத்த கட்டத்தைப் பைர்ன் நிர்வாகம் எதிர்த்தது. ஹரோல்ட் வந்த 1983லேயே அதற்குக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சமயத்தில் அவர் பக்கத்திலிருந்தே முணுமுணுப்பு. ஐரிஷ்காரர்கள் இருபது வருஷம் தின்றார்கள், நம் முறை வந்ததும் பந்தியைச் சுருட்டுகிறாரே என்று. நியாயமான ஆதங்கம்தான். இருந்த ஆயுதத்தைச் சண்டை தொடங்கும்போதே கீழே போட்ட மாதிரி.

ஆனால் பந்தி ஒரேயடியாகச் சுருளவில்லை. 1985இல் ஒரு உத்தரவு போட்டார்: நகராட்சி ஒப்பந்தங்களில் 25 சதவீதம் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்கு, 5 சதவீதம் பெண்களின் நிறுவனங்களுக்கு. அதே வருஷம் இன்னொரு உத்தரவு: நகராட்சி ஊழியர்கள் குடியேறியவர்களின் குடியுரிமை ஆவணங்களைக் கேட்கக் கூடாது. இன்று சிகாகோவைச் சரணாலய நகரம் என்று திட்டுகிறார்களே, அந்தச் சண்டையின் வேர் அங்கே இருக்கிறது. இரண்டும் நகரமன்றத்தின் தயவு இல்லாமல் அவர் கையெழுத்தால் மட்டும் நடந்தவை. வாசல் பூட்டியிருந்தால் ஜன்னல் எங்கே என்று பார்க்கிற ஆள்.

29 எப்படி உடைந்தது? பேரத்தால் இல்லை. வார்டு எல்லைகளைக் கறுப்பின, லத்தீன் மக்களுக்குப் பாதகமாக வரைந்திருந்தார்கள் என்று நீதிமன்றம் சொல்லி, ஏழு வார்டுகளில் 1986இல் சிறப்புத் தேர்தல் வந்தது. கடைசியில் மிஞ்சிய மறுதேர்தல்களில் முக்கியமானது 26ஆவது வார்டு, ஏப்ரல் 29. லூயிஸ் கூட்டியரெஸ் ஜெயித்தார். 25-25. சமநிலை என்றால் மேயரின் ஓட்டு தீர்மானிக்கும். மூன்று வருஷ முட்டுக்கட்டை ஒரு வார்டில் தீர்ந்தது.

அல்லி:
கணக்குப்பிள்ளை ஐயா ஊழலைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். எஃப்.பி.ஐ. ஒரு மோசடிக்காரனை உளவாளியாக அனுப்பியது. ஒப்பந்தம் கேட்பது போல் நடித்துப் பணம் கொடுத்தான். மாட்டியவர்களில் மேயர் பக்க நகரமன்ற உறுப்பினர்களும் உண்டு. ஹரோல்ட் வாங்கவில்லை, ஆனால் அவர் வீட்டுக்குள் மழை பெய்தது உண்மை.

கணக்குப்பிள்ளை:
நன்றி அல்லி. என் வேலையைக் குறைத்துவிட்டீர்கள். 🙂

தெருக்கோடி:
இறந்தது எப்படி? இங்கே ஒருவர் விஷம் வைத்தார்கள் என்று சத்தியம் செய்தார்.

ஏரிக்கரையான்:
அந்த வதந்தி இன்னும் முடிதிருத்தும் கடைகளில் உயிரோடு இருக்கிறது. 1987 நவம்பர் 25, நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய நாள். காலையில் மேயர் அலுவலகத்தில், பத்திரிகைச் செயலாளர் ஆல்டன் மில்லரோடு பேசிக்கொண்டே மேசையில் சாய்ந்தார். எதையோ எடுக்கக் குனிகிறார் என்றுதான் மில்லர் முதலில் நினைத்தாராம். மாரடைப்பு. 65 வயது. பிரேதப் பரிசோதனையில் எடை 284 பவுண்டு. விஷம் எதற்கு, அந்த உடம்பும் அந்த வேலையும் போதாதா? அந்த ஏப்ரலில்தான் விர்டோலியக்கையே நேருக்கு நேர் தோற்கடித்து இரண்டாம் முறை ஜெயித்திருந்தார். இருபது வருஷம் இருப்பேன் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். விசித்திரம் என்னவென்றால், 1983இல் எதிர்த்து நின்ற எப்டனும் அதே டிசம்பரில் இறந்துபோனார்.

அடுத்து நடந்ததுதான் கேவலம். டிசம்பர் 1 இரவு அடுத்த மேயரைத் தேர்ந்தெடுக்க நகரமன்றம் கூடியது. வெளியே ஆயிரக்கணக்கில் ஜனம், டாலர் நோட்டை ஆட்டிக்கொண்டு, விலைபோகாதே என்று கோஷம். உள்ளே மெஷினின் மிச்சமும் சில கறுப்பின உறுப்பினர்களும் சேர்ந்து யூஜின் சாயரை நிறுத்தினார்கள். ஹரோல்டின் ஆட்கள் பக்கம் டிமோத்தி எவன்ஸ். சாயரும் கறுப்பினத்தவர், மென்மையான மனிதர், அன்று இரவு தயங்கித் தயங்கி நின்றார். விடியற்காலை நாலு மணிக்கு 29-19 என்று முடிந்தது. மறுபடியும் அதே 29! 1989இல் கூட்டணி இரண்டாகப் பிளந்து நிற்க, மகன் டேலி உள்ளே வந்தார். அடுத்துத் தேர்தலில் ஜெயித்த கறுப்பின மேயர் 2019இல்தான், லோரி லைட்ஃபுட்.

கணக்குப்பிள்ளை:
இங்கே என் குற்றச்சாட்டு இன்னும் பலமாகிறது. ஒரு மனிதர் செத்த ஒரு வாரத்தில் கலைந்துபோகும் கூட்டணியைக் கட்டியதை எப்படிச் சாதனை என்பது? வாரிசு என்று ஒருவரைக்கூட வளர்க்கவில்லை. டேலிக்கு மெஷின் இருந்தது, இவருக்கு இவர்தான் இருந்தார்.

ஏரிக்கரையான்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை சார். ஒப்புக்கொள்கிறேன். வேலை கொடுத்துக் கட்டாத கூட்டணி அன்பில் நிற்கும், ஆள் போனால் அன்பை யாரிடம் வைப்பது என்று தெரியாமல் நிற்கும். மெஷினை அவர் கொல்லவும் இல்லை. எட் பர்க் 2023 வரை நகரமன்றத்தில் இருந்தார், 54 வருஷம். அந்த டிசம்பரில்தான் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. விர்டோலியக்கும் பிற்காலத்தில் மோசடி வழக்கில் சிறை பார்த்தார்.

இருந்தாலும், 1985இல் ஒபாமா என்ற இளைஞர் வேலை தேடிச் சிகாகோவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஹரோல்டின் ஊர் என்பதும் ஒரு காரணம். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
'இதர வரவு' என்று எழுதிக்கொள்கிறேன்.

தெருக்கோடி:
25-25 ஆனதற்குப் பிறகு உருப்படியாக நிறைவேறியது என்ன? ஒன்று சொல்லுங்கள் போதும்.

ஏரிக்கரையான்:
வாடகைதாரர் சட்டம், 1986. வீட்டுக்காரர் முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும், வட்டி கொடுக்க வேண்டும், பழுது பார்க்காவிட்டால் வாடகையில் கழிக்க வழி உண்டு. நில உரிமையாளர்கள் வருஷக்கணக்கில் தடுத்து வைத்திருந்த விஷயம். அந்தச் சட்டத்தின் சுருக்கத்தை வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்தே ஆக வேண்டும். வெறும்வாசகன் ஐயா, மகள் நகர எல்லைக்குள் வாடகைக்கு இருந்தால் ஒப்பந்தத்தின் பின்பக்கம் பாருங்கள்.

வெறும்வாசகன்:
பார்த்தேன். இருக்கிறது! பொடி எழுத்தில் இரண்டு மூன்று தாள். நேற்றிரவு கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். காலையில் மகளிடம் பெருமையாக, 'உன் முன்பணத்துக்கு வட்டி வருகிறதாம்மா?' என்று கேட்டேன்.

முன்பணமே வாங்கவில்லையாம் அப்பா, இப்போதெல்லாம் யாரும் வாங்குவதில்லை, அதற்குப் பதிலாகக் குடிபோகும் கட்டணம் என்று ஐநூறு டாலர் வாங்கிக்கொண்டார்கள், அது திரும்ப வராது என்றாள்.